காசை முதலில் எதில் போடுவது? மியூசிக் பிளேயர் கேள்வி-பதில்

கேள்வி: போனில் டாங்கிள் (இயர்போன் மாட்டுவதற்கான சின்ன இணைப்பான்) செருகிப் பாட்டு கேட்கிறேன். தனி மியூசிக் பிளேயர் வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: உங்கள் ஹெட்போன் அதிக மின்னழுத்தம் கேட்கும் ரகமாக இருந்தால் தெரியும். மின்தடை 300 ஓம் உள்ள ஹெட்போனைச் சின்ன டாங்கிள் பல நேரம் திணறித்தான் ஓட்டும். சாதாரண இயர்போன் என்றால் அந்தக் காசை முதலில் நல்ல இயர்போனில் போடுங்கள். ஒலியை அதிகம் மாற்றுவது அதுதான்.

ஒப்பிட்டுப் பார்த்தே தீருவேன் என்றால், இரண்டிலும் ஒலி அளவைச் சமமாக்குங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைக் காது உடனே ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். இயர்போன் மாட்டியிருக்கும்போதே 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, வெளியீட்டை மல்டிமீட்டரில் அளந்து, ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். அப்புறம், எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். நான் இப்படிச் செய்தபோது, ‘மலையும் மடுவும்’ என்று நினைத்திருந்த இரண்டு கருவிகளைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கேள்வி: பெரிய விலை கொடுத்து வாங்கிய பிளேயரில், பாட்டு தொடங்கும் முன்னே ‘உஸ்ஸ்’ என்று இரைகிறது. பழைய போனில் இது இல்லை. இயர்போனின் குரலும் மாறிவிட்டது போல இருக்கிறது.

பதில்: இரண்டும் உங்கள் கற்பனை இல்லை. பல டிரைவர் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) வைத்த இன்-இயர்கள், அதாவது காதுக்குள் செருகும் இயர்போன்கள், சின்னச் சிக்னலுக்கே சத்தமாக ஒலிக்கும். பெரிய ஹெட்போனுக்காகச் செய்த ஆம்ப்ளிஃபையரின் அடிமட்ட இரைச்சலைக்கூடக் காட்டிக் கொடுத்துவிடும். கெயினை, அதாவது பிளேயர் சிக்னலைப் பெருக்கும் அளவை, அமைப்பில் குறையுங்கள். 4.4 மி.மீ. பேலன்ஸ்டு (இரண்டு காதுக்கும் தனித்தனி மின்பாதை தரும்) துளைக்குப் பதில் 3.5 மி.மீ. துளையில் மாட்டிப் பாருங்கள். பேலன்ஸ்டில் வலு கூடும்போது இரைச்சலும் பல கருவிகளில் சேர்ந்தே கூடுகிறது.

குரல் மாறியதற்குப் பெரும்பாலும் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது பிளேயரின் வெளியீட்டில் இருக்கும் மின்தடை, காரணம். இன்-இயரின் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருக்காது. ஓர் இடத்தில் 30 ஓம், இன்னோர் இடத்தில் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால், முதல் இடத்தில் இயர்போனுக்கு 75 சதவீத மின்னழுத்தம் போய்ச் சேரும். இரண்டாவது இடத்தில் 44 சதவீதம்தான். அதாவது ஏறக்குறைய 4.5 டெசிபல் சரிவு. யார் காதிலும் படும். அதே பிளேயர் 1 ஓமாக இருந்தால் சரிவு 0.8 டெசிபலுக்குள் நின்றுவிடும். அவுட்புட் இம்பீடன்ஸ், இயர்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. விளம்பரத்தில் டிஏசி சிப்பின் (டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்சிக்னலாக மாற்றுவது) பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவுட்புட் இம்பீடன்ஸ் எண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடுங்கள், அவ்வளவு முக்கியம்.

கேள்வி: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள் வாங்கலாமா?

பதில்: 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடி தரமே மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வீச்சையும், மனிதக் காதின் 20,000 ஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிய இடத்தையும் கொடுக்கிறது. 2007-இல் மேயர், மோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஹை-ரெஸ் (சிடியைவிடப் பெரிய எண்கள் கொண்ட) ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் 554 முறை ஒப்பிடச் சொன்னார்கள். சரியான விடைகள் பாதிக்குப் பாதிதான், காசு சுண்டியது போல. ஆனால் ஹை-ரெஸ் பதிப்பை வேறு ஒருவர் அக்கறையாக மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைச் சீர்செய்யும் கடைசி வேலை) செய்திருந்தால் அது நிஜமாகவே நன்றாக இருக்கும். அதற்காக வாங்குங்கள், எண்ணுக்காக வேண்டாம்.

கேள்வி: தங்க முலாம் பூசிய தாமிர உடல் ஒலியை மாற்றுமா?

பதில்: 2016-இல் சோனி, டபிள்யூஎம்1இசட் மாடலைத் தாமிரத்திலும் டபிள்யூஎம்1ஏ மாடலை அலுமினியத்திலும் கொண்டுவந்தது. உள்ளே வயரிங்கும் வேறு. அதனால் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் உலோகத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. தாமிர மாடலின் 455 கிராம் எடை மட்டும் சட்டைப்பையில் உறுதியாகத் தெரியும்.

கேள்வி: நான் ப்ளூடூத் ஹெட்போன்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்: அப்படியானால் பிளேயர் வேண்டாம். டிஏசியும் ஆம்ப்ளிஃபையரும் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன.

கேள்வி: பழைய உயர்ரக பிளேயரைப் பாதி விலையில் வாங்கலாமா?

பதில்: ஒலி பழசாகாது, பேட்டரி பழசாகும். வாங்கும் முன் முழுச் சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். பின்பக்க மூடியை விரலால் தடவி, எங்காவது மேடு தட்டுகிறதா என்றும் பாருங்கள். என்னுடைய ஒரு பிளேயரில் பேட்டரி உப்பித் திரை விளிம்பில் தூக்கிக்கொண்டது. மாற்றுப் பேட்டரி இனி கிடையாது என்று தயாரிப்பாளர் கைவிரித்துவிட்டார். ஆண்ட்ராய்டு மாடல் என்றால், உங்கள் ஸ்ட்ரீமிங் செயலி அதன் பழைய பதிப்பில் இன்னும் திறக்கிறதா என்பதையும் கையில் வைத்தே சோதித்துவிடுங்கள்.