அமெரிக்காவில் தனியார் துப்பாக்கி விற்பனைக்குப் பின்னணிச் சோதனையை விற்பவர் விருப்பத்துக்கே விட்டால் போதாதா?

போதாது என்பதே என் கருத்து. ஆனால் கட்டாயச் சோதனையை எதிர்ப்பவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது.

உரிமம் பெற்ற கடைக்காரர் 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டப்படி, வாங்குபவரின் பின்னணியை, அதாவது துப்பாக்கி வாங்கச் சட்டம் தடைசெய்தவரா என்பதை, சோதித்தாக வேண்டும். 1998 முதல் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கணினி அமைப்பு வழியே இது நடக்கிறது. தன் சொந்தத் துப்பாக்கியை எப்போதாவது விற்கும் தனிநபருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். அப்படியிருக்க, எதற்குக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று நினைப்பவர்களும் உண்டு.

விருப்பச் சோதனையை வர்ஜீனியா மாநிலம் நடைமுறையிலேயே பார்த்தது. 2016இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் மெக்காலிஃபும் குடியரசுக் கட்சியினரும் செய்த சமரசத்தின்படி, துப்பாக்கி விற்கும் கண்காட்சிகளில் மாநிலக் காவலர்கள் உட்கார்ந்து, கேட்கும் தனியாருக்குச் சோதனை செய்து கொடுத்தார்கள். நல்ல எண்ணமுள்ள விற்பனையாளருக்கு இது உதவிதான், அவர்களுக்கு எஃப்.பி.ஐ. அமைப்பை நேரடியாகத் தொடர்புகொள்ள வழியில்லை, கடைக்காரரிடம் போனால் கட்டணம். சிக்கல் வாங்குபவர் பக்கம். சோதனையில் சிக்கக்கூடியவர், சோதனை கேட்காத அடுத்த விற்பனையாளரின் மேசைக்குப் போய்விடுவார். 2020இல் அதே வர்ஜீனியா தனியார் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது.

எதிர்ப்பவர்களின் பெரிய அச்சம், கட்டாயச் சோதனை நாளடைவில் துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியலாக மாறிவிடும் என்பது. அத்தகைய தேசியப் பதிவேட்டை 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டத்தை நாளை மாற்றலாமே என்கிறார்கள். அதற்கு எளிய பதில் இல்லை.