பொண்ணு வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடுமா?

கேள்வி: பொண்ணுக்கு 15 வயசு, ஸ்கூல் டீம்ல ஃபுட்பால் ஆடுறா. கோச் வெயிட் ட்ரெய்னிங் போடச் சொல்றாரு. வளர்த்தி நின்னுடும், உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும்னு மாமியார் திட்டுறாங்க. அனுப்பலாமா? – ஒரு அம்மா, கடலூர்

பதில்: தாராளமா அனுப்புங்கம்மா. வளர்த்தி நிக்காது, ஆம்பள மாதிரியும் ஆகாது, அதுக்கான ஹார்மோன் பொண்ணுங்க உடம்புல ரொம்பக் கம்மி. இந்தியா டீமுக்கு ஆடின இந்துமதி கதிரேசன் உங்க ஊருதான், மாமியார்கிட்ட போட்டோ காட்டுங்க.

பயப்படணும்னா முட்டிக்கு பயப்படுங்க. உள்ள ஏசிஎல்னு ஒரு ஜவ்வு, ஓடிட்டே டக்குனு திரும்பும்போது, குதிச்சு இறங்கும்போது முட்டி உள்பக்கமா மடங்குச்சுன்னா அறுந்துடலாம், யாரும் இடிக்கக்கூட வேணாம். பசங்கள விட பொண்ணுங்களுக்கு இது ரெண்டு மூணு மடங்கு ஜாஸ்தி. இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சன் 2023 உலகக் கோப்பையில ஆட முடியாம போனது இதனாலதான். ஆபரேஷன் பண்ணா மறுபடி ஆட 9 மாசமாவது ஆகும்.

அதனால மொதல்ல வெயிட்டே வேணாம். ஃபிஃபா 11+ னு 20 நிமிஷ வார்ம்-அப் இருக்கு, ஓட்டம், ஸ்குவாட், ஒத்தக்கால் பேலன்ஸ், முட்டி போட்டு கூட்டாளி கால புடிச்சுக்க மெதுவா முன்னாடி சாயிறது, அவ்ளோதான், பைசா செலவில்ல. நம்ம டோர்னமென்ட்ல சீஃப் கெஸ்ட் பேச ஒரு மணி நேரம் இருக்கும், இதுக்கு 20 நிமிஷம் இருக்காது! பிசியோ கிடையாது, ஐஸ் வேணும்னா ஜூஸ் கடைக்கு ஓடணும்.

ஜிம்முக்கு போனா 'ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ்'னு புரோட்டீன் டப்பாவ தலையில கட்டப் பாப்பாங்க, அதுல அவங்களுக்கு கமிஷன். முட்டையும் சுண்டலும் போதும். 'ஸ்டேட் செலக்‌ஷன் வாங்கித் தரேன், ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு கன்ஃபார்ம்'னு பணம் கேக்குற ஆள வாசல்லயே அனுப்பிடுங்க, இந்த வகையில ஏமாந்து அழுத குடும்பம் எத்தனையோ பாத்துட்டேன்.

ஒன்னு மட்டும் கவனிங்க. பீரியட்ஸ் மூணு மாசம் தொடர்ந்து வரலன்னா 'ஆடுற பொண்ணு, அப்படித்தான்'னு விடாதீங்க. ஓடுற அளவுக்கு சாப்பாடு உள்ள போகலன்னு அர்த்தமா இருக்கலாம், எலும்பு பலமிழந்துடும், டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். காலைல டிபன் சாப்பிடாம பிராக்டிஸ் ஓடுறாளான்னு பாருங்க, ஒல்லியா இருந்தா வேகமா ஓடலாம்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களான்னும் கேளுங்க, கோச்சே சொல்லியிருப்பாரு.

இன்னிக்கு சாயங்காலம் கண்ணாடி முன்னாடி ஒத்தக்கால்ல பாதி உக்காரச் சொல்லுங்க. முட்டி உள்ள சாயுதுன்னா வெயிட்ட கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க.