காய்ச்சல் பத்தியில் வாராவாரம் பூஜ்ஜியம்

கேள்வி: நான் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர். எங்கள் கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்யும் எஸ் படிவத்தில் (நோய்க் கண்காணிப்புப் படிவம்) காய்ச்சலுக்குப் பெரும்பாலும் பூஜ்ஜியம்தான். ஆனால் அதே ஊர்க்காரர்கள் காய்ச்சலோடு எங்கள் ஓபி வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு முறை பயிற்சி கொடுத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மூன்றாவது பயிற்சி வேண்டாம் டாக்டர். படிவம் கேட்கும் ‘ஏழு நாளுக்கு உட்பட்ட காய்ச்சல்’ எது என்று அந்தச் செவிலியருக்கு நன்றாகவே தெரியும். போன முறை எட்டு என்று எழுதியபோது என்ன நடந்தது என்பதும் தெரியும். மேலிருந்து போன் வந்திருக்கும். ‘உங்க ஏரியாவில் மட்டும் ஏன் இத்தனை? கொசுப்புழு ஒழிப்பு நடந்ததா இல்லையா?’ பூஜ்ஜியம் எழுதினால் போன் வராது.

போலியோ கண்காணிப்பில் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார்கள். 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 2 பேருக்காவது போலியோ அல்லாத வேறு காரணங்களால் வரும் திடீர் தளர்வாதம் (கை கால் சட்டென்று தளர்ந்து போவது) பதிவாக வேண்டும் என்று அளவு வைத்தார்கள். எதுவும் பதிவாகாத மாவட்டம், சரியாகத் தேடாத மாவட்டம். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்ட போலியோ நோயாளிக்குப் பிறகு இந்தியாவின் பூஜ்ஜியத்தை உலகம் நம்பியதென்றால், பல்லாயிரம் குழந்தைகளின் மல மாதிரியைச் சோதித்துவிட்டுச் சொன்ன பூஜ்ஜியம் அது.

நீங்களும் பூஜ்ஜியத்தையே விசாரியுங்கள். ஆனால் அதட்ட வேண்டாம். அதட்டினால் அடுத்த வாரம் எல்லோரும் இரண்டு, மூன்று என்று எழுதித் தள்ளுவார்கள். அது இன்னும் மோசம்.

ஒரு காலை அவரோடு வீடு வீடாகப் போய்ச் சும்மா பாருங்கள். பெரும்பாலும், காலையில் கேட்டதைச் சாயங்காலம் நினைவிலிருந்து எழுதுவார்கள். பதிவேடு பையின் அடியில் கிடக்கும். அப்படியானால் மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: வாசலைத் தாண்டும் முன் எழுதுவது. ஒரு பாக்கெட் நோட்டு போதும். அதில் ‘போகவில்லை’ என்றும் ஒரு கட்டம் போடுங்கள். போகாத தெருவும் காய்ச்சலே இல்லாத தெருவும் ஒன்றாகிவிடக் கூடாது.

அப்புறம், எண் வந்த மறுநாளே ஒரு பதில் சொல்லுங்கள். ‘பார்த்தேன்மா, ரத்த மாதிரி எடுக்க ஆள் அனுப்புகிறேன்’ என்றால் போதும். இத்தனை நாள் அவர் அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். முழுமையாகப் பதிவு செய்தவருக்குப் பரிசு என்று மட்டும் அறிவிக்காதீர்கள். கட்டங்கள் நிரம்பும், அவ்வளவுதான்.

மாதம் ஒரு முறை ஓபி பதிவேட்டில் ஊர்வாரியாகக் காய்ச்சலை எண்ணி, செவிலியரின் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். இடைவெளி குறைகிறதா என்று தெரிந்துவிடும். முதல் ஒன்றிரண்டு மாதம் உங்கள் பகுதியில் காய்ச்சல் ஏறியது போலத் தெரியும். மாவட்ட அலுவலகத்தில் முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த போன் உங்களுக்கு வரும்.