‘மூளை வயது’ இறங்கியது, மறதி இறங்கவில்லையே?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகி ஒருவர் கேட்கிறார்: “தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு வயது 68. மறதி கூடுகிறதே என்று மூளைப் பயிற்சி விளையாட்டு ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் ‘மூளை வயது’ 74இலிருந்து 52க்கு வந்துவிட்டது. ஆனால் போன வாரம் அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிட்டார். ஒரு வருடச் சந்தா கட்டலாமா?”

சந்தா கட்ட வேண்டாம். விளையாட்டை நிறுத்தவும் வேண்டாம்.

‘மூளை வயது’ என்பது மருத்துவர்கள் அளக்கும் அளவு இல்லை. 2005இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட விளையாட்டால் பிரபலமான பெயர் அது. ஒரே மாதிரிக் கணக்கைத் தினமும் போட்டால் யாருக்கும் வேகம் வரும். மூன்று மாதம் ரப்பர் பால் மரம் சீவினால் கத்தி கையில் படியும். அதற்காகச் செம்பனைக் குலை வெட்ட வந்துவிடுமா? 2010இல் 11,430 பேரை ஆறு வாரம் இப்படி விளையாட வைத்துப் பார்த்தார்கள். விளையாடியதில் தேறினார்கள், மற்றத் திறன்களுக்கு அது பரவவில்லை. மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்த லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலி நிறுவனம், அமெரிக்க அரசு வழக்குப் போட்டதும் 2016இல் 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த விளையாட்டுகளில் ஒன்றில் ‘ரெட்’ (சிவப்பு) என்ற ஆங்கிலச் சொல் பச்சை நிறத்தில் வரும், சொல்லை விட்டுவிட்டு நிறத்தைத் தொட வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் படிக்கிறவர்தான் அங்கே தடுமாறுவார். தமிழ்ப்பள்ளியோடு நின்றவருக்கு அந்தத் தடுமாற்றம் குறைவு, புள்ளி தானாக ஏறும். அடுத்த ஆட்டத்திலேயே, காய்ப்பேறிய விரலைத் திரை உணராமல் புள்ளி இறங்கும். இரண்டுமே மூளையைப் பற்றிய செய்தி இல்லை.

நல்லதும் உண்டு. அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 2,832 பேரிடம் நடந்த ஆய்வில், பார்த்ததைச் சட்டென்று பிடிக்கும் வேகப் பயிற்சி எடுத்தவர்களில் பத்தாண்டு கழித்து மறதிநோய் வந்தவர்கள் குறைவு என்று 2017இல் எழுதினார்கள். அது ஒரு குறிப்பிட்ட பயிற்சி. எல்லாச் செயலிக்கும் பொருந்தாது. அப்பா ஆசையாக உட்கார்ந்து விளையாடுகிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். தினமும் கால் மணி நேரம் இலவசமாக உள்ளதை விளையாடட்டும். பேரப்பிள்ளையோடு தாயமோ பல்லாங்குழியோ ஆடினால் இன்னும் நல்லது, பேச்சும் சேர்ந்து வரும்.

எனக்குக் கவலை அந்தப் பால்தான். சமீபத்தில் அவர் மறந்தவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, சாப்பிடும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12 வைட்டமின் குறைவு, காது மந்தம், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுகிறார் என்றால் பி12 பரிசோதனையை நீங்களே கேளுங்கள். அதுவரை அவர் தனியாக இருக்கும்போது கேஸ் அடுப்பு வேண்டாம், மின்கெட்டில் போதும்.