கொட்டகையில் கிடக்கும் பத்மினியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அப்பா 1975இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் 18 வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. மாதம் ஆறாயிரம் ரூபாய் ஒதுக்க முடியும். எத்தனை வருடம் ஆனாலும் சரி, மறுபடி ஓட வேண்டும். பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இத்தனை வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு துருவேறி ஒட்டியிருக்கலாம். செல்ஃப் ஸ்டார்ட்டர் அடித்தால் ரிங் உடையும், சிலிண்டர் கீறிவிடும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையா, மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். எஞ்சினுக்கு இப்போதைக்கு இது போதும். அந்த 1089 சிசி எஞ்சின் எளிமையானது. பிற்பாடு லேத்தில் கொடுத்துக்கூட மீட்டுவிடலாம்.

எனக்குக் கவலை அடித்தகரத்தைப் பற்றித்தான். பத்மினிக்குத் தனிச் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் சேசிஸ். தரை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகரத்தை வெட்டிப் புதிதாக வெல்டு செய்தே ஆக வேண்டும். பட்டி என்கிற நிரப்பும் பசையைப் பூசி மூட விடாதீர்கள். வெட்டுவதற்கு முன் கதவுகளைக் கழற்றி, கதவு வாசல்களின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்யச் சொல்லுங்கள். கம்பி வைக்காமல் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டிய வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நடுப்பகுதி ஒரு விரல்கடை இறங்கி, கதவுகள் சாத்தவே முடியாமல் போனது. பாவம், ஆசை ஆசையாகத் தொடங்கிய வேலை.

வருடத்துக்கு 72,000 ரூபாய் வருகிறது. முதல் வருடப் பணத்தை முழுக்கத் தகர வேலைக்கே கொடுங்கள். அடுத்து பிரேக்: வீல் சிலிண்டர், ரப்பர் கப், ஹோஸ் எல்லாம் புதிது, இதில் சிக்கனமே கூடாது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய பெட்ரோல் குழாய்களும் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்கிற சவ்வும் தாங்காது. எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். எலி கடித்த வயரிங்கை ஒட்டுப் போடாமல் புதிதாகவே இழுங்கள். பெயின்டும் சீட்டும் கடைசியில்.

இன்னொன்று, உற்சாகத்தில் வண்டியை மொத்தமாகப் பிரித்துவிடாதீர்கள். நின்றுபோன மராமத்துகளில் பல, எது எங்கே இருந்தது என்று மறந்ததால் நின்றவை. ஒரு பகுதியைப் போட்டோ எடுத்துப் பிரித்து, நட்டு போல்ட்டைப் பெயர் எழுதிய பையில் போட்டு, அதை முடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கண்ணாடி ரப்பர், பின்விளக்கு மூடி மாதிரியானவை சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கண்ணில் பட்டால், தேவைப்படும் வருடம் வரை காத்திருக்காமல் வாங்கி வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே ஆர்.சி. புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், அந்த எண் இன்னும் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆசை என்றால் வழக்கமான பதிவுப் புதுப்பித்தலைக் கேளுங்கள். எதுவானாலும், சேசிஸ் எண் பொறித்த தகரத்தை வெட்டிவிடாமல் இருக்க, அதைச் சாக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, தகர வேலை செய்யும் டிங்கரிடம் வண்டியைக் கொடுங்கள்.