தேயிலைத் தோட்டத்தை விற்று வேலைக் கடிதம் வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். மகள் இங்கே பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பி.காம். முடித்தாள். ஓராண்டு வீட்டில் தோட்ட வேலை பார்த்துவிட்டு, கனடா போய் ஒன்டாரியோவில் அரசுக் கல்லூரியில் இரண்டு ஆண்டு டிப்ளமோ படித்தாள். இப்போது மூன்று ஆண்டு வொர்க் பெர்மிட்டில் இருக்கிறாள், அதில் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. ஒரு காபிக் கடையில் முதலில் கவுன்ட்டரில் நின்றாள். ஏழு மாதமாக சூப்பர்வைசர். வயது 26. கோவையில் ஓர் ஏஜென்ட், எல்.எம்.ஐ.ஏ.வோடு வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், 15 லட்சம் ஆகும், பி.ஆர். (நிரந்தரமாக அங்கே வசிக்கும் உரிமை) நிச்சயம் என்கிறார். ஒரு ஏக்கரைக் கொடுத்துவிடலாமா என்று இருக்கிறேன். வங்கியில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? நடுவில் கல்யாணம் வைத்தால் இடைஞ்சல் வருமா? இங்கிருந்து நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: ஐயா, தோட்டத்தை விற்காதீர்கள். பதினைந்து லட்சம் கொடுத்து நீங்கள் வாங்கப் போகும் கடிதத்துக்கு இப்போது ஒரு பாயின்ட் கூடக் கிடையாது.

முன்பு கிடைத்தது உண்மை. பாயின்ட் பார்த்து பி.ஆர்.-க்கு ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை உறுதிக் கடிதம் இருந்தால் 50 பாயின்ட், பெரிய மேலாளர் பதவி என்றால் 200 பாயின்ட் என்று இருந்தது. அதனால்தான் கடிதத்தை விற்கும் வியாபாரமே தழைத்தது. 2025 மார்ச் 25 முதல் அந்த பாயின்ட்டுகளை அரசு எடுத்துவிட்டது. ஏஜென்ட்டுக்கு இது தெரியாமல் இருக்காது. எல்.எம்.ஐ.ஏ. என்பது வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க முதலாளி அரசிடம் வாங்கும் அனுமதி. அதற்கான 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது சட்டம். அப்படியிருக்க 15 லட்சம் எதற்கு? பொய்யான கடிதத்தை வைத்து விண்ணப்பித்து மாட்டிக்கொண்டால் ஐந்து ஆண்டுக்கு கனடா பக்கமே போக முடியாது. மாட்டுவது மகள்தான், ஏஜென்ட் அல்ல.

மகளுடைய பெர்மிட் திறந்த பெர்மிட். எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம்; இன்றைக்கு எல்.எம்.ஐ.ஏ. தேவையே இல்லை. பெர்மிட் முடியும் நேரத்தில் அவருடைய சொந்த முதலாளியே உண்மையாக விண்ணப்பித்து வாங்கித் தந்தால், வேலையைத் தொடர அது உதவும். அது வேறு கதை.

அடுத்து, வங்கியில் பணம் காட்டுவது. கனடாவிலேயே வேலை அனுபவம் பெற்றவர்களுக்கான வகையில், கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் என்பார்கள், பணம் காட்டத் தேவையில்லை. ஆக இரண்டு காரணத்துக்கும் தோட்டம் தப்பித்தது.

இனி மகளுடைய நிலைமை. அந்த வகையில் வர, கடைசி மூன்று ஆண்டுக்குள் கனடாவில் ஓராண்டு திறன்சார் வேலை செய்திருக்க வேண்டும். வேலைகளை 0 முதல் 5 வரை 'டீர்' என்று தரம் பிரித்திருக்கிறார்கள். 0, 1, 2, 3 மட்டுமே கணக்கில் வரும். காபிக் கடைக் கவுன்ட்டர் வேலை டீர் 5. சூப்பர்வைசர் டீர் 2. அதாவது அவர் கவுன்ட்டரில் நின்ற மாதங்கள் இந்தக் கணக்கில் சேராது. படிக்கும்போது பார்த்த பகுதிநேர வேலையும் சேராது. எண்ணிக்கை சூப்பர்வைசர் ஆன நாளில்தான் தொடங்குகிறது.

ஓராண்டு என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கேட்பது 1,560 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி. 30-க்கு மேல் செய்த மணிகள் கணக்கில் ஏறாது. காபிக் கடையில் ஷிஃப்ட் ஏறி இறங்கும். ஒரு வாரம் 24 மணி, மறுவாரம் 38 மணி என்றால், இரண்டு வாரத்துக்கும் சேர்த்து 54 மணிதான் தேறும், 62 அல்ல. காலண்டரில் பன்னிரண்டு மாதம் முடிந்தாலும் மணி முடிந்திருக்காது. சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்து வாரம் வாரமாக இன்றே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் பார்க்கும் கோப்புகளில் அதிகம் தடுக்கி விழுவது முதலாளி தரும் அனுபவக் கடிதத்தில்தான். கடை உரிமையாளர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'இவர் எங்களிடம் இந்தத் தேதியிலிருந்து சூப்பர்வைசராக வேலை செய்கிறார், நல்ல உழைப்பாளி.' நல்ல உழைப்பாளி என்பதால் அதிகாரிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சூப்பர்வைசர் என்ற பட்டத்தையும் அவர் நம்பமாட்டார். செய்த வேலையைப் பார்ப்பார். ஷிஃப்ட் அட்டவணை போட்டது, புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பாலும் காபிக் கொட்டையும் எவ்வளவு வேண்டும் என்று கணித்து ஆர்டர் போட்டது, இருப்பு, விற்பனை, வீணான சரக்கு இவற்றுக்குக் கணக்கு எழுதியது எல்லாம் வரிவரியாக இருக்க வேண்டும். கடையின் லெட்டர்ஹெட், தொடங்கிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், கையெழுத்து போட்டவரின் பெயரும் தொலைபேசியும் வேண்டும். கவுன்ட்டர் காலத்தையும் சூப்பர்வைசர் காலத்தையும் தேதியோடு பிரித்துக் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டும் வருமான வரித் தாள்களும் அதே கதையைச் சொல்ல வேண்டும். முதலாளியோடு நல்ல உறவு இருக்கும்போதே இந்தக் கடிதத்தின் வரைவை அவரிடம் காட்டிப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. வேலையை விட்ட பிறகு கேட்டால் போனையே எடுக்காத உரிமையாளர்கள் உண்டு.

சரி, பாயின்ட்டுக்கு வருவோம். தகுதி இருந்தால் பி.ஆர். கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தகுதி வரிசையில் நிற்க மட்டுமே இடம் தரும். அதிக பாயின்ட் வைத்திருப்பவரைத்தான் அழைப்பார்கள். கல்யாணம் ஆகாத 26 வயதுக்கு 110. இந்தியப் பட்டமும் கனடா டிப்ளமோவும் சேர்த்தால் படிப்புக்கு 128. ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும், சி.எல்.பி. என்ற கனடா மொழித்தர அளவில், 9 எடுத்தால் 124. கனடாவில் ஓராண்டு வேலைக்கு 40. படிப்பையும் மொழியையும் வேலையையும் இணைத்துத் தருவது 50. கனடாவில் படித்ததற்கு 15. மொத்தம் 467. ஆங்கிலம் 8-லேயே நின்றால் 435. இந்த வகைக்கு 2025 முழுக்க வந்த அழைப்புகள் எல்லாமே 500-க்கு மேல். இதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை: இப்போதைய நிலையில் ஓராண்டு முடிந்ததும் அழைப்பு வந்துவிடாது.

இரண்டாவது ஆண்டும் முடித்தால் 13 கூடும், 480. ஆனால் அவர் சூப்பர்வைசராக இரண்டு ஆண்டு முடிப்பதற்கும் பெர்மிட் முடிவதற்கும் இடையே ஒரு மாதம்தான் இருக்கும்.

ஆக எங்கே கூட்டுவது? என் கருத்தில் பிரெஞ்சுதான். பிரெஞ்சில் நான்கு பிரிவிலும் 7-ஆம் நிலை வாங்கினால், ஆங்கிலமும் இருப்பதால் 50, இரண்டாம் மொழிக்கு 12, ஆக 62 பாயின்ட். 467 என்பது 529 ஆகிவிடும். அதற்கும் மேலே, பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனி அழைப்புகள் வருகின்றன. 2025-இல் அதில் ஒரு தடவை 379 பாயின்ட்டுக்கே அழைத்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே பூஜ்யத்திலிருந்து 7-க்குப் போவது சுலபமில்லை. தினமும் உட்கார்ந்தால் ஓராண்டு, ஒன்றே கால் ஆண்டு ஆகும். அவரிடம் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. 15 லட்சத்தில் ஒரு சிறு பங்கை ஒழுங்கான பிரெஞ்சு வகுப்புக்குக் கொடுங்கள்.

இன்னொரு வழி மாகாண நியமனம். ஒரு மாகாணம் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகத் தேர்ந்தெடுத்தால் 600 பாயின்ட், கதை முடிந்தது. ஆனால் இடம் குறைவு, விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, அடிக்கடி மாறும். 2025 ஜனவரியில் சிறு ஊர்களுக்கென ஒரு திட்டம் தொடங்கினார்கள். தண்டர் பே, டிமின்ஸ், சட்பரி போல 14 பகுதிகள். அங்கே அந்த ஊர் அங்கீகரித்த முதலாளியிடம் உண்மையான வேலை கிடைத்தால் வழி திறக்கும். குளிர் கடுமைதான். ஜனவரியில் உறைபனி பார்த்து வளர்ந்த பிள்ளை என்றாலும், அந்தக் குளிர் கோத்தகிரிக் குளிர் அல்ல. ஊருக்கு இவ்வளவு என்று வரம்பும் இருக்கிறது. டொரன்டோவை ஒட்டியே இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் இதைப் பார்க்கலாம்.

தேர்வு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கல்லூரியில் சேர எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் செல்லாது. ஜெனரல், அல்லது செல்பிப், அல்லது பி.டி.இ. கோர் எழுத வேண்டும். முடிவு இரண்டு ஆண்டு செல்லும். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 9-ஆம் நிலைக்கு லிசனிங்கில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். நம் பிள்ளைகளுக்கு பெரும்பாலும் ரைட்டிங்கில் 6.5 வந்து கழுத்தறுக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். இப்போதே ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும்.

நீங்கள் இங்கிருந்து செய்ய வேண்டியது, பி.காம். பட்டம் கனடாவில் எந்தப் படிப்புக்குச் சமம் என்று காட்டும் மதிப்பீடு. கனடாவில் படித்ததால் அது வேண்டாம் என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். தகுதிக்கு வேண்டாம், பாயின்ட்டுக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் படிப்புக்கு 128 அல்ல, 98-தான். இணைப்பு பாயின்ட்டிலும் 12 போகும். மொத்தம் 42 பாயின்ட். மதிப்பீட்டு நிறுவனத்தில் மகள் கணக்குத் தொடங்கி எண் வாங்கியதும், மதிப்பெண் விவரத்தை பல்கலைக்கழகமே நேராக அனுப்பும்படி செய்ய வேண்டும். இதற்கு மருதமலை சாலையில் உள்ள பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஒருவர் போய்வந்தால் வேலை நகரும். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெயரையும் சரிபாருங்கள். நம் பாஸ்போர்ட்டுகளில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பது சகஜம். கனடா விண்ணப்பத்தில் அப்போது முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடச் சொல்கிறார்கள். பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், கடைச் சம்பளச் சீட்டில் வேறொன்று என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று ஒரு விளக்கக் கடிதம் சேர்க்க வேண்டும்.

படிப்பு விசா விண்ணப்பத்தை அப்போது ஏஜென்ட்தானே போட்டிருப்பார்? அதன் முழு நகலை வாங்குங்கள். பி.ஆர். விண்ணப்பத்தில் கடந்த பத்து ஆண்டு வரலாற்றை, 18 வயதாகிப் பத்து ஆண்டு ஆகாதவர்கள் 18 வயதிலிருந்து, ஒரு மாதம்கூட இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். வீட்டில் கொழுந்து பறித்த அந்த ஓராண்டை 'கணக்காளர் வேலை' என்று ஏஜென்ட் அன்று அலங்கரித்திருந்தால், இன்று உண்மையை எழுதும்போது இரண்டும் மோதும். மோதினால் மறைக்காமல் விளக்கம் கொடுத்துத் திருத்த வேண்டும்; இதற்கு மட்டும் உரிமம் பெற்ற ஆலோசகர் அல்லது வழக்கறிஞருக்குப் பணம் கொடுப்பது நியாயம். கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும். ஆலோசகர்கள் பெயரை அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் இணையப் பட்டியலில் யாரும் தேடலாம். கோவை நபர் அதில் இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.

அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லாம் ஏற்ற வேண்டும். மருத்துவப் பரிசோதனையை 2025 ஆகஸ்ட் 21 முதல் முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டும். இந்தியப் போலீஸ் சான்றிதழை அவர் அங்கிருந்தே இந்தியத் தூதரகச் சேவை மையம் வழியாக வாங்கலாம். பாஸ்போர்ட் முகவரிக்கு விசாரணை வந்தால் வீட்டில் ஆள் இருங்கள். கட்டணம் 2024 ஏப்ரல் 30-இல் 1,525 டாலர் ஆனது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள், கட்டும் நாளில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மகள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். வரிசையில் பெயர் இருப்பதோ, அழைப்பு வந்திருப்பதோ கனடாவில் தங்க அனுமதி ஆகாது. பி.ஆர். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து, அது முழுமையானது என்று ஏற்கப்பட்ட பிறகுதான் இடைக்கால வொர்க் பெர்மிட் கேட்க முடியும். அதையும் இப்போதைய பெர்மிட் முடிவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். படிப்புக்குப் பிறகு தரும், அவரிடம் இப்போது இருக்கும் பெர்மிட் வாழ்நாளில் ஒரே முறைதான்.

கடைசியாகக் கல்யாணம். தாராளமாக வைக்கலாம், ஆனால் மறைக்கக் கூடாது. மாப்பிள்ளையும் கூட வருகிறார் என்றால் மகளின் வயதுக்கான உச்ச பாயின்ட் 110-லிருந்து 100 ஆகும், படிப்பு 128-லிருந்து 119 ஆகும். மாப்பிள்ளையின் படிப்பும் ஆங்கிலமும் கொஞ்சம் ஈடு கட்டும். அவர் பிறகு வருவார் என்று போட்டால் மகளுக்குத் தனியாள் கணக்கே நடக்கும். எப்படியானாலும் அவர் பெயரைக் காட்டி, அவருக்கும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பி.ஆர். உறுதியாகும் நாள்வரை எப்போது கல்யாணம் நடந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். பாயின்ட் போய்விடும் என்று பயந்து சொல்லாமல் விட்டால், பின்னால் அதே மாப்பிள்ளையை ஸ்பான்சர் செய்து கூப்பிடும் உரிமையே போய்விடலாம். தமிழ்நாட்டில் கல்யாணப் பதிவு கட்டாயம். மண்டபக் கணக்கு முடிப்பதற்குள் 90 நாள் ஓடிவிடும், அதற்குள் பதிவு அலுவலகத்துக்குப் போய் வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர்தான் அந்தச் சான்றிதழிலும் வர வேண்டும்.