வீட்டு சோலாரும் சோலார் வேலையும்: உங்க கேள்விக்கு என் பதில்

சோலார் மாட்டுறது பத்தியும் இந்த வேலைக்கு வர்றது பத்தியும் கேளுங்கன்னு சொன்னேன், நிறைய வந்துருக்கு, ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேத்து பதில் போடுறேன்.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போடணும்?

பதில்: ரூமையும் ஏசியையும் எண்ணாதீங்க, ஒரு வருஷத்து கரண்ட் பில்லை எடுங்க. மொத்த யூனிட்டை 365ஆல வகுத்தா ஒரு நாள் செலவு வந்துடும். நல்லா வெயில் அடிக்கிற இடத்துல 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் பக்கம் தரும், வெயில் கம்மின்னா அதுவும் குறையும். அப்போ நாளைக்கு 12 யூனிட் செலவுன்னா 3 கிலோவாட்ல இருந்து யோசிங்க. ஆனா அதுக்கும் முன்னாடி நிழல் பாக்கணும். பேனலுக்குள்ள செல் (வெயிலை கரண்டா மாத்துற சின்ன சின்ன தகடு) எல்லாம் சீரிஸ்ல, அதாவது ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா, இருக்கு, தண்ணி டேங்க் நிழல் ஓரத்துல கொஞ்சம் விழுந்தாலும் பேனல்ல மூணுல ஒரு பங்கு போயிடலாம். காலைல 9லேர்ந்து சாயங்காலம் 3 வரைக்கும் நிழல் எப்படி நகருதுன்னு பாருங்க, குளிர்காலத்துல சூரியன் தாழ்வா வரும்போது நிழல் இன்னும் நீளும், அதையும் கணக்குல வைங்க.

கேள்வி: 5 கிலோவாட் போட்டோம், உச்சி வெயில்லயும் 4.2க்கு மேல ஏறவே மாட்டேங்குது. ஏமாத்திட்டாங்களா சார்?

பதில்: இல்லங்க, இது நியாயமான அளவுதான். பேனல் பின்னாடி போட்டிருக்கிற வாட், செல்லோட சூடு 25 டிகிரி இருக்கும்போது அளந்தது. மொட்டை மாடி வெயில்ல செல் 60, 65 டிகிரிக்கு போயிடும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் மாதிரி குறையும், அதுலயே 12லேர்ந்து 14 சதவீதம் காலி. தூசி, ஒயர், இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டு கரண்டா மாத்துற பெட்டி) தின்னுறது தனி. பேனலுக்கு அடியில காத்து ஓட இடம் விட்டிருக்காங்களான்னு மட்டும் பாத்துக்கோங்க.

கேள்வி: கரண்ட் போனா சோலார் ஓடும்தானே?

பதில்: பேட்டரி இல்லாம தெரு லைனோட சேத்து ஓடுற ஆன் கிரிட்னா ஓடாது, பட்டப்பகல்லயும் நின்னுடும். லைன்ல வேலை பாக்குறவர் மேல உங்க வீட்டு கரண்ட் பாயக்கூடாதுன்னு இன்வெர்ட்டர் தானாவே ஆஃப் ஆகுது. கரண்ட் இல்லாதப்பவும் வேணும்னா தெரு லைன், பேட்டரி ரெண்டோடயும் ஓடுற ஹைப்ரிட் போகணும்.

கேள்வி: வீடியோ நிறைய பாத்துட்டேன், நானே மாட்டிடலாம்னு இருக்கேன்.

பதில்: தயவு செஞ்சு டிசி பக்கம், அதாவது பேனல்லேர்ந்து இன்வெர்ட்டருக்கு நேர் மின்சாரம் வர்ற பக்கம், கை வைக்காதீங்க. வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட் (மாறு மின்சாரம்) ஒரு செகண்டுக்கு நூறு தடவை ஜீரோவைத் தொட்டுட்டு வரும், அதனால தீப்பொறி வந்தாலும் அணைய வாய்ப்பு இருக்கு. டிசி ஜீரோவுக்கு வரவே வராது, பொறி பிடிச்சா நின்னு எரியும். சீரிஸ்ல கோத்த பேனல்ல பல நூறு வோல்ட் இருக்கும், வெயில் இருக்கிற வரைக்கும் அதை ஆஃப் பண்ண சுவிட்சே கிடையாது, ஐசொலேட்டரை (லைனைத் துண்டிக்கிற கருவியை) இறக்கினாலும் பேனல்லேர்ந்து அதுவரைக்கும் வர்ற ஒயர்ல வோல்டேஜ் அப்படியே இருக்கும். கரண்ட் ஓடும்போது எம்சி4 கனெக்டரை (பேனல் ஒயரை இணைக்கிற பிளக்கை) பிடுங்குறது, ஒரு கம்பெனி ஆண் பிளக்கையும் வேற கம்பெனி பெண் பிளக்கையும் சேத்து மாட்டுறது, இது ரெண்டும் வீட்டைக் கொளுத்துற வேலை. பாத்தா பொருந்தின மாதிரிதான் இருக்கும், உள்ள காண்டாக்ட் சரியா உக்காராம நாளாக நாளாக சூடேறி உருகும்.

கேள்வி: நான் இப்பதான் கத்துக்கிறேன். இன்வெர்ட்டர் லிமிட் 600 வோல்ட், பேனல் 50 வோல்ட், அப்போ 12 பேனல் கோக்கலாம்ல?

பதில்: கோக்கக்கூடாது தம்பி, நல்ல வேளை மாட்டுறதுக்கு முன்னாடி கேட்ட. அந்த 50 வோல்ட்டும் 25 டிகிரியில அளந்ததுதான், குளிர்ல வோல்டேஜ் ஏறும். டிகிரிக்கு 0.27 சதவீதம்னு வை, உங்க ஊர்ல காலைல 5 டிகிரிக்கு இறங்கும்னா 20 டிகிரி வித்தியாசம், 5.4 சதவீதம் கூடும், 600 இருந்தது 632 ஆயிடும், இன்வெர்ட்டர் அவ்வளவுதான். 11 போடு, 580க்குள்ள நிக்கும். அந்த இடத்தோட ரொம்ப குளிர்ந்த நாளை வச்சு எப்பவும் கணக்கு போடு.

கேள்வி: என் பையன் குறுகிய கால சோலார் கோர்ஸ் முடிச்சிருக்கான், அது போதுமாங்க?

பதில்: தொடக்கத்துக்கு சரிங்கம்மா, ஆனா அதை வச்சு தனியா வேலை எடுக்க விடாதீங்க. முதல்ல எலக்ட்ரீஷியன் அடிப்படை உறுதியா வேணும், எர்த்திங், கேபிள் சைஸ், பிரேக்கர் எல்லாம், கூடவே உங்க ஊர் சட்டப்படி என்ன லைசென்ஸ் கேக்குறாங்களோ அது. உயரத்துல பெல்ட் போட்டு வேலை பாக்குற பயிற்சியும் கட்டாயம். அப்புறம் அனுபவஸ்தர் ஒருத்தர் கூட சில வருஷம் சேந்து ஓடட்டும். பேனல் தூக்கி மாட்ட சீக்கிரம் பழகிடும், ஆனா மாட்டினதை அளந்து காட்டத் தெரிஞ்சவனைத்தான் நான் தொழில்காரன்னு சொல்லுவேன். ஐஇசி 62446ன்னு ஒரு தரம் இருக்கு, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கோட (சீரிஸ்ல கோத்த பேனல் வரிசையோட) பொலாரிட்டி (பிளஸ் மைனஸ் சரியா இருக்கான்னு), வோல்டேஜ், கரண்ட், இன்சுலேஷன், எர்த் தொடர்ச்சி எல்லாம் சோதிச்சு எழுதி வீட்டுக்காரர் கையில குடுக்கணும்னு அதுல இருக்கு. அந்த ரிப்போர்ட்டை சொந்தமா போடுற அளவுக்கு வந்துட்டான்னா தைரியமா அனுப்புங்க.

கேள்வி: நான் ஒரு பொண்ணு, இந்த வேலைக்கு வரலாமா?

பதில்: தாராளமா வாங்கம்மா. கூரை வேலை, டிசைன், டெஸ்டிங், எது பிடிக்குதோ அதை எடுங்க.

கேள்வி: பேனலை எப்போ கழுவணும்?

பதில்: காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. கொதிக்கிற கண்ணாடி மேல பச்சைத் தண்ணி ஊத்தினா விரிசல் விடலாம். மெத்துன்னு இருக்கிற துடைப்பானும் தண்ணியும் போதும், பேனல் மேல மட்டும் ஏறி நிக்காதீங்க, உள்ள செல் உடையுறது கண்ணுக்குத் தெரியாது.